பலியகாட்டே என்னும் துணி

பழவேற்காட்டுப் படகுத்துறையில் காலையில் வலை உதறிக்கொண்டிருக்கும் மீனவரின் இடுப்பைப் பாருங்கள். கட்டம் போட்ட கைலி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியது. கடைத்தெருவில் வாங்கியதாக இருக்கும். மலேசியாவிலும் ஜாவாவிலும் தொழுகைக்குப் போகிறவர்களும் இதே மாதிரிக் கைலிதான் உடுத்துகிறார்கள். அதை அவர்கள் 'பெலெகாட்' என்கிறார்கள். அது இந்த மீனவரின் ஊர்ப் பெயர்தான். பழவேற்காடு என்று சொல்ல வராத போர்த்துகீசியர் வாயில் 'பலியகாட்டே' ஆனது, மலாய்க்காரரிடம் போய் 'பெலெகாட்' என்று தேய்ந்தது.

ஏரிக்கரையில் கிடக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் துணிச் சந்தை. வண்ணமும் சித்திரமும் கொண்ட துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போவதைப் போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். இந்தத் துணியின் உயிர் அதன் சிவப்பு. கடலோர மணலில் முளைக்கும் சின்னஞ்சிறு செடியான இம்பூறலின் வேர்தான் அந்தச் சிவப்பைக் கொடுத்தது. சாயவேர் என்பார்கள். விரல் தடிமன்கூட இல்லாத வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, துணியோடு கொதிக்கவைத்தால் ஏறும் நிறம் துவைக்கத் துவைக்கப் போகாது. தூர தேசத்தார் மயங்கியது இந்த அழியாத நிறத்துக்குத்தான்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்களோ சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் சரக்கைத் தருவார்கள். இந்தச் சோழமண்டலக் கரையை மொலுக்காவின் இடது கை என்றே டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் சொன்னார். இதே துறையிலிருந்து அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். துணியின் பெருமை பேசும்போது அதை மறைப்பது பாவம்.

கிழக்கே போன துணி அங்கேயே நின்றுவிடவில்லை. மணிலாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. சீனப் பட்டுதான் தலையாய சரக்கு. அதனால் மெக்சிகோ மக்கள் அந்தக் கப்பலைச் 'சீனக் கப்பல்' என்றார்கள். பட்டு மூட்டைகளுக்கு நடுவே நம் பருத்தியும் போனது. ஆங்கிலேயருக்கு மணிலாவில் நேரடி அனுமதி இல்லாததால், சென்னை வணிகர்கள் ஆர்மீனியர், போர்த்துகீசியர் பெயரில் கப்பல் விட்டார்கள். மணிலா வாணிகத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனியர்களில் ஒருவர் பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலம் கட்டியது அவர்தான். மர்மலாங் பாலம் என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். இன்று அங்கே நிற்பது மறைமலை அடிகள் பாலம்.

மெக்சிகோவில் நம் துணி கழுத்திலும் தலையிலும் ஏறியது. பெயர் மாறவில்லை: 'பலியகாட்டே'. சட்டைக்கு மேல் முடிச்சிட்டுக் கட்டும் சிவப்புக் கைக்குட்டைக்கு இன்றும் அங்கே அதுதான் சொல். மெக்சிகோ விடுதலைப் போரின் தளபதி ஹொசே மரியா மொரேலோஸின் படம் எதை எடுத்தாலும் தலையில் ஒரு துணி இறுகக் கட்டியிருக்கும், அது பலியகாட்டேதான். துணி வந்திறங்கிய அக்கபுல்கோவை 1813இல் அவர் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினார். 1815இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மணிலாக் கப்பல் நின்றுபோனதும் அதே ஆண்டில்தான்.

அதற்குள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டார நெசவாளர்களே இதைப் பார்த்து நெய்து, 'புலிகேட்' என்று விற்கத் தொடங்கியிருந்தார்கள். இங்கே டச்சுக்காரர் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அங்கே செத்த அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நூலுக்குச் சாயம் ஏற்றியவர், தறியில் உட்கார்ந்தவர் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை.

பழவேற்காட்டுப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் உலகப் படத்தை விரித்து, உங்கள் ஊரிலிருந்து மலாக்கா, மணிலா, அக்கபுல்கோ என்று ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் காட்டுங்கள். அப்பாவின் கைலிக்கு மலேசியாவில் என்ன பெயர் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.