பாப் மார்லியின் கால் விரலும் ஒரு எழுத்துப் பிழையும்

1977-ல பாப் மார்லியோட கால் பெருவிரல் நகத்துக்கு அடியில இருந்தது ஃபுட்பால் காயம் இல்ல, மெலனோமாங்கிற தோல் புற்றுநோய்னு தெரிஞ்சது. 1981 மே 11, 36 வயசுல இறந்துட்டார்.

2002-ல பிரிட்டனின் சாங்கர் நிலைய ஆய்வாளர்கள், பெரும்பாலான மெலனோமாக்களில் பிராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டார்கள். அநேகமா ஒரே எழுத்து மாறின பக்! குற்றவாளி சிக்கிட்டான்னு பார்த்தா, அடுத்த வருஷமே சாதாரண மச்சங்களிலும் அதே பிறழ்வு. அது இருந்தும் மச்சம் கொஞ்சம் வளர்ந்து, தானா நின்னுடுது.

உள்ளங்கை, உள்ளங்கால் மச்சங்களிலும் அதுவே அதிகம். ஆனா அதே இடத்தில் வரும் மெலனோமாவில் பிராஃப் பிறழ்வு குறைவு. சிலவற்றில் கிட் என்ற வேறொரு மரபணு. மச்சம் முத்தித்தான் புற்றுநோயாகுதுங்கிற கணக்கு இங்க உதைக்குது. வெயிலையும் குறை சொல்ல முடியாது. கறுத்த தோல்காரங்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தா, பெரும்பாலும் இங்கதான்.