ஹரிக்கேன் பறந்த வானம்: 1942 ஏப்ரல் 9ஐ யார் நினைக்கிறோம்?

லண்டனில் பெரிய அரச விழா வந்தால் பக்கிங்ஹாம் மாளிகைக்கு மேலால் பழைய போர் விமானங்கள் பறக்கும். நடுவில் ஒரு லங்காஸ்டர், பக்கத்தில் ஸ்பிற்ஃபயர், ஹரிக்கேன். அங்க இருக்கிற எங்கட சொந்தக்காரர் அதை ஃபோனில் எடுத்து அனுப்புவாங்க. நாங்களும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். அந்த எஞ்சின் சத்தம் உண்மையிலேயே அழகுதான். ஆனால் இதில் ஹரிக்கேன் திருகோணமலை வானத்திலும் சண்டை பிடித்த விமானம். அது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பறப்பை நடத்துவது பிரித்தானிய விமானப்படையின் ஒரு நினைவுப் பிரிவு. 1957இல் தொடங்கியது. அதனிடம் உள்ள ஹரிக்கேன்களில் ஒன்று, 14,000க்கும் மேல் செய்யப்பட்டவற்றில் கடைசியாக 1944இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் அது ஜிம்மி வேலன் என்ற கனேடிய விமானியின் விமானத்து நிறத்தோடு பறந்தது. பெயரைக் கேட்டால் எங்களுக்கு முருகன்தான் ஞாபகம் வரும்! 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு வானில் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியவர் அவர். இலங்கைக் கதையின் ஒரு துண்டு அப்படி இங்கிலாந்து வானில் போய்க்கொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து எங்கட முறை வந்தது. ஏப்ரல் 9 காலை, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. சீனக்குடா விமானத்தளத்திலிருந்து 261ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் எழும்பின. துறைமுகத்திலும் விமானத்தளத்திலும் குண்டுகள் விழுந்தன. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் மோதியது. தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அந்த நேரம் அதில் ஒரு போர் விமானம்கூட இல்லை. 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இவ்வளவும் நடந்த ஊரில் நினைவுப் பறப்பு எதுவும் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் தரையிலும் கடலிலும் கிடக்கிறவைதான்: உருகிச் சுருண்ட அந்தத் தாங்கியின் இரும்பு, நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறை, கடலடியில் ஹெர்மிஸ். மிஞ்சிய 99 தாங்கிகளைப் பற்றி இண்டைக்கும் பேச்சு இருக்கு. ஆனால் அது இந்தியாவுக்கு எத்தனை, இலங்கைக்கு எத்தனை என்ற பேச்சு. 2022 ஒப்பந்தத்தோடு அந்தக் கணக்குப் பத்திரிகைகளில் வந்தது. 1942 வரவில்லை.

கல்லறையில் ஒவ்வொரு கல்லாகப் படித்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். படையில் இருந்தவருக்குப் பெயர், பதவி, வயது எல்லாம் பொறித்திருக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு, சமையல் செய்தவருக்கு, குண்டுக்குப் பயந்து காட்டுப் பக்கம் ஓடிய குடும்பத்துக்கு அப்படி ஒரு கல் இல்லை. சாம்ராச்சியம் தன் ஆக்களை எண்ணி வைத்தது. எங்கட ஆக்களை நாங்கள்தான் எண்ணியிருக்க வேண்டும்.

ஏன் எண்ணவில்லை? ஒரு காரணம், அதற்குப் பிறகு நடந்தவை. எங்கட அம்மா அப்பாவின் தலைமுறைக்கு வானத்தில் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்துக் கைதட்டும் பழக்கம் இல்லை. "பொம்மர் வருது" எண்டு பங்கருக்குள் ஓடிய பழக்கம்தான். பிறகு வந்த யுத்தம் முந்தின யுத்தத்தின் நினைவை மூடிவிட்டது. அதனால்தான் லண்டன் வீடியோவை இங்கே ஒரு அம்மம்மாவிடம் காட்டினால், அவர் பார்க்கிறது வேற ஒன்றாக இருக்கலாம்.

பழைய விமானத்தைப் பறக்க வைப்பது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு எஞ்சினைக் காப்பாற்ற ஒரு நாடு எவ்வளவு காசும் கவனமும் செலவழிக்கிறது என்று பார்த்துப் படிக்கலாம். எங்களுக்கு விமானம் தேவையில்லை. ஒரு ஃபோனும் பொறுமையும் போதும். 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்ப தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கட தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அந்தக் காலை யார் வேலைக்குப் போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். பெயர்களை எழுதுங்கள்.