கணினிப் பாதுகாப்பும் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனும்

ஏ.டி.எம். அட்டை பையில் பத்திரமாக இருக்கிறது. இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. தவறு யாருடையது? 1990களின் தொடக்கத்தில் பிரிட்டன் வங்கிகள் சொன்ன பதில் இதுதான்: "எங்கள் கணினி தவறு செய்யாது. ஒன்று நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள், இல்லை பொய் சொல்கிறீர்கள்."

இதை ஏற்க மறுத்தவர் ராஸ் ஆண்டர்சன். 1956ல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். வங்கித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1992ல் ஆராய்ச்சிக்காக மீண்டும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கே வந்தார்.

ஏ.டி.எம். மோசடிகள் உண்மையில் எப்படி நடந்தன என்று 1993ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். திருடர்கள் கடினமான சங்கேதக் குறியீடு எதையும் உடைக்கவில்லை. ஒரு வங்கியின் இயந்திரம் ரசீதில் முழுக் கணக்கு எண்ணையும் அச்சிட்டது. திருடர்கள் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் அழுத்தும் இரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் எறிந்த ரசீதை எடுத்தார்கள். போலி அட்டை தயார்!

தன் கணக்கில் பணம் குறைகிறது என்று புகார் செய்த ஒரு போலீஸ்காரருக்கே 1994ல் மோசடி முயற்சி என்று தண்டனை கிடைத்தது. ஆண்டர்சன் அவர் தரப்பின் நிபுணராக நின்றார். கணினியைப் பரிசோதிக்க நிதி நிறுவனம் அனுமதிக்கவில்லை. 1996ல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.

2001ல் ஆண்டர்சன் இன்னொரு உண்மையை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் வாடிக்கையாளர் புகார் செய்தால் அவர் சொல்வது தவறு என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தச் சுமை நெடுங்காலம் வாடிக்கையாளர் தலையில் இருந்தது. ஆனால் பாதுகாப்புக்கு அதிகம் செலவு செய்தும் அதிக மோசடிக்கு ஆளானவை பிரிட்டன் வங்கிகளே! நட்டம் தனக்கில்லை என்றால் அக்கறையும் குறைந்துவிடும். 'பாதுகாப்புப் பொருளாதாரம்' என்ற ஆய்வுத்துறை வளர இந்தக் கருத்து வழிவகுத்தது.

2010ல் இவரது குழு, சிப் அட்டை திருடு போனால் இரகசிய எண் தெரியாமலே அதைப் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டியது. அதைப் பற்றி எழுதிய ஒரு மாணவரின் ஆய்வேட்டை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி வங்கி அட்டை நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. ஆண்டர்சன் மறுத்தார். அதோடு நிற்காமல், அந்த ஆய்வேட்டைத் துறையின் தொழில்நுட்ப அறிக்கையாகவும் வெளியிட ஏற்பாடு செய்தார்.

2024 மார்ச்சில் தமது 67ஆம் வயதில் ஆண்டர்சன் காலமானார். பூட்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, திருட்டு நடந்தால் நட்டம் யாருக்கு என்பதே முக்கியம். அவர் வாழ்நாள் ஆராய்ச்சி சொல்லும் பாடம் இதுவே.