ஒரு மஞ்சள் கோடும் இரு கிரகணங்களும்

மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள விஜயதுர்க்கக் கோட்டையில் சில கல்மேடைகள் உண்டு. அவற்றை மராத்தியில் 'சாகேபாச்சே கட்டே', அதாவது துரையின் மேடைகள், என்பர். 1868 ஆகஸ்ட் 18 அன்று நார்மன் லாக்யர் அங்கிருந்தே ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்பது உள்ளூர் வழக்கு. அந்நாள் அங்கு ஹீலியம் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆவணங்கள் காட்டும் வரலாறு வேறு.

அன்றைய முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் ஆராய்ந்தனர். லாக்யர் அப்போது இந்தியாவிலேயே இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று, கிரகணமின்றியே, இங்கிலாந்திலிருந்து சூரிய விளிம்பின் நிறமாலையைக் கண்டார். அதிலிருந்த மஞ்சள் கோட்டின் அலைநீளம் 587.6 நானோமீட்டர், சோடியத்தின் இரட்டைக் கோடுகளோ 589.0, 589.6. இச்சிறு வேறுபாடே புதிய தனிமம் ஒன்று உண்டென்ற ஊகத்திற்கு அடிப்படையாயிற்று.

சூரியனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோடு, உலோகப் பெயர்களுக்குரிய 'இயம்' ஈறு சேர்ந்து அப்பெயர் அமைந்தது. ஆர்கான், நியான், கிரிப்டான், செனான் ஆகிய பிற மந்த வாயுக்கள் 'ஆன்' ஈறு பெற்றன. ஹீலியம் மட்டும் தன்னை உலோகமெனக் கருதிய காலத்தின் தடத்தை இன்றும் சுமக்கிறது.

பிற தனிமங்களோடு சேராத இயல்பினால், சேர்மங்களைப் பகுத்தாய்ந்த வேதியியலாருக்கு அது நெடுங்காலம் அகப்படவில்லை. 1895இல்தான் ராம்சே, கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமம் வெளியிட்ட வாயுவில் அதே கோட்டைக் கண்டார்.

லாக்யர் விஜயதுர்க்கத்திற்கு வந்தது அதற்கும் பின்னர், 1898 ஜனவரி 22 கிரகணத்தின்போது. அதே நாளில் சோலாப்பூர் மாவட்டத்து ஜேவூரில், புனே அறிவியல் கல்லூரியின் காவஸ்ஜி தாதாபாய் நாயகம்வாலா தம் குழுவினருடன் கிரகணத்தை ஆராய்ந்து, பின்னர் விரிவான அறிக்கையும் வெளியிட்டார். பாவ்நகர் மன்னரின் கொடையால் அவர் புனேயில் நிறுவிய மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகம் 1912இல் மூடப்பட்டது. அதன் 20 அங்குலத் தொலைநோக்கி கொடைக்கானலைச் சேர்ந்தது.

முப்பதாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு கிரகணங்களை மக்கள் நினைவு ஒன்றாக்கிவிட்டது. துரையின் மேடைக்குப் பெயர் நிலைத்தது. குண்டூரின் பங்கும் நாயகம்வாலாவின் உழைப்பும் அக்கதையில் இடம்பெறவில்லை. ஹீலியம் நாளன்று இவ்விரண்டும் சேர்த்துச் சொல்லப்படுவதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.