யாரோ பகைக்கு நாம் பிடித்த கொடி

தொண்டுக்கு வரும் பிள்ளைகள் நம்ம ஊர் பழைய கதை கேட்கிறாங்க. இது 1867 ஆகஸ்ட் மாசம் ஜார்ஜ்டவுனில் நடந்தது. சுமார் பத்து நாள் கலவரம்.

சீனர்களில் கீ ஹின், துவா பெக் கோங் என்று இரண்டு ரகசிய சங்கங்கள். மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று பிரிந்து இருந்தாங்க. வெள்ளைக் கொடி கீ ஹின்னோடு சேர்ந்தது, சிவப்புக் கொடி துவா பெக் கோங்கோடு சேர்ந்தது. அதனால இதை இனச் சண்டைன்னு சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் எல்லாரும் இருந்தாங்க.

அந்தக் கொடிகள் முஹர்ரம் ஊர்வலத்தோடு வளர்ந்தவை. பாதுகாப்புன்னு நம்பிச் சத்தியம் பண்ணவங்க, கடைசியில் அடுத்தவர் பகைக்கு ஆயுதம் எடுத்தாங்க. பிறகு விசாரணைக் கமிஷன் வந்தது. 1869-இல் ஆபத்தான சங்கங்களை அடக்கச் சட்டமும் வந்தது.

குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதுக்கும் மூத்தது. ரெண்டும் அந்தக் கலவரத்தைத் தாண்டி, இன்னைக்கும் நடந்து போற தூரத்தில் நிக்குது.

இப்போ கொடி வாட்சாப்பில் வருது. நம்ம ஆள் அனுப்பினார்னு உடனே பகிர்ந்துடுறோம். இது யார் பகை, நமக்கு நேரா என்ன தெரியும்னு முதலில் கேட்போம். ஃபாக்டரியில் மெஷின் தப்பா ஓடினா முதலில் நிறுத்துவோம், யார் தப்புன்னு அப்புறம்தான் பார்ப்போம். கோபம் வந்தாலும் அதே வரிசைதான்.

ஓம் சக்தி.