காதை மறைத்த நாட்டியக்காரி

1890களின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்தில் ஒரு வம்பு உலவியது. ஓபரா அரங்கின் பாலே நடனப் பெண் கிளியோ த மெரோதுக்குக் காதே கிடையாதாம்! நடுவகிடு எடுத்து, இரு பக்கமும் கூந்தலைத் தழைய வாரி, காது தெரியாமல் பின்னால் முடிந்துகொள்வது அவர் வழக்கம். அதற்குத்தான் இந்தப் பேச்சு. பேசியவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கி ஓபராவுக்குப் போனவர்களா என்றால், இல்லை. அவர்களில் பலருக்குக் கிளியோ அறிமுகமானது புகைப்படத்திலும் தபால் கார்டிலும்தான்.

கிளியோ 1875இல் பாரிஸில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஓபராவின் பாலே பள்ளியில் சேர்ந்து மேடையேறியவர். 1896இல் ‘இல்லுஸ்த்ராசியோன்’ பத்திரிகை, அழகி யார் என்று வாசகர்களிடம் கேட்டபோது அவர்கள் இவரையே தேர்ந்தெடுத்தார்கள். அதே வருடம் சிற்பி அலெக்சாந்தர் ஃபால்கியேர் ஆடையில்லாத நடனப் பெண்ணின் சிலை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அந்த முகம் கிளியோவுடையது. முகத்துக்கு மட்டும்தான் மாடலாக இருந்தேன் என்று அவர் சொன்னார்; ஊர் கேட்குமா? பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டையும் அவரையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். மன்னருக்குக் ‘கிளியோபோல்ட்’ என்று பட்டப்பெயரே விழுந்தது. கிளியோ மறுத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வம்பால் லாபம் அடைந்தவர்கள் கார்டு அடித்தவர்கள். பாரிஸின் மோன்மார்த்ர் பூல்வாரில் இருந்த ராய்ட்லிங்கர் ஸ்டூடியோ, மேடைப் பெண்களைப் படம் பிடிப்பதில் பேர்போனது. 1850இல் தொடங்கிய அந்தக் குடும்பத் தொழில், 1890களில் லியோபோல்ட் ராய்ட்லிங்கர் கைக்கு வந்திருந்தது. கிளியோ பூக்களோடு, முத்துமாலையோடு, மேடை உடையோடு எடுத்துக்கொண்ட படங்கள் கார்டுகளாகி நாடு நாடாகப் போயின.

1903 கடைசி வரை பிரான்சில் கார்டின் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. சேதி எழுத வேண்டுமானால் படம் உள்ள பக்கத்தில்தான் இடம். அதனால் அந்தக் காலத்துக் கார்டுகளில், நடனப் பெண்ணின் பாவாடையைச் சுற்றியும் தோள் ஓரமாகவும் பேனா மை வளைந்து ஓடும். இங்கிலாந்து 1902இலேயே பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சேதிக்குக் கொடுத்துவிட்டது. பிரான்ஸ் அதைப் பின்பற்றிய பிறகுதான் படம் தப்பித்தது. பழைய பிரெஞ்சு கார்டு கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். நடுவில் கோடு இல்லையென்றால் அது பெரும்பாலும் 1904க்கு முந்தியது.

பூதக்கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் தெரியும். அச்சுக்கூடத்தில் அடித்த படமென்றால் பெரும்பாலும் புள்ளிகளோ மணிமணியான திட்டுகளோ தென்படும். வெள்ளி உப்புத் தாளில் கழுவி எடுத்த நிஜப் புகைப்படத்தில் சாயல்கள் இடைவெளியே இல்லாமல் இழையும். காலப்போக்கில் கருமையான இடங்களில் வெள்ளிப் பூச்சுப் போல ஒரு மினுமினுப்பும் ஏறும். பெர்லினின் ஒரு நிறுவனம் சுருள் தாளில் இயந்திரத்தால் புகைப்படங்களை அச்சிட்டுத் தள்ளிய காலம் அது. அதற்கு ‘கிலோமீட்டர் புகைப்படம்’ என்றே பெயர்.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். படம் கறுப்பு வெள்ளைதான். சாயத்தைக் கையால் ஏற்றினார்கள். ஒரே உடை ஒரு கார்டில் ரோஜா நிறமாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருக்கும். துணியின் மடிப்பு, சரிகை, மணிக்கோவை ஆகியவற்றுக்குக் கார்டு நல்ல சாட்சி, நிறத்துக்குப் பொய்ச்சாட்சி.

காலுக்கும் அப்படித்தான். ரஷ்ய பாலே நடனப் பெண் அன்னா பாவ்லோவா, நுனிக்கால் செருப்பின் முனை இன்னும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று தம் புகைப்படங்களைத் திருத்தச் செய்தவர். ஊசிமுனையில் நிற்பது போல அவர் நிற்கும் படங்களைப் பார்த்து மலைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தையோ ஸ்டூடியோ கேமராவால் பிடிக்கவே முடியவில்லை. துள்ளலும் சுழற்சியும் போய், அசையாத நிலை மட்டும் மிஞ்சியது. கிளியோ எப்படி ஆடினார் என்று அவருடைய நூறு கார்டுகளைப் பரப்பி வைத்தாலும் சொல்ல முடியாது.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் கிளியோ ‘கம்போடிய நடனம்’ ஆடினார். உச்சியில் கிரீடம், உடம்பெங்கும் தங்க வேலைப்பாடு, விரல்களில் ஒரு வளைவு. அந்த உடையிலும் கார்டு வந்தது. மன்னர் சிசோவத்தோடு அசல் கம்போடிய அரசவை நடனப் பெண்கள் பிரான்சுக்கு வந்தது ஆறு வருடம் கழித்து, 1906இல். சிற்பி ரோதன் அவர்களைப் பார்த்துக் கிறங்கிப்போய் வரைந்து தள்ளினார்.

கார்டு கொடுத்த முகம் கிளியோவை முதுமையிலும் விடவில்லை. 1949இல் எழுத்தாளர் சிமோன் த பூவாவின் ‘இரண்டாம் பாலினம்’ வெளிவந்தது. அதில் தம்மை விலைமாதர் வரிசையில் வைத்திருப்பதைக் கண்டு, எழுபத்தைந்து வயதில் வழக்குப் போட்டார் கிளியோ. ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு பிராங்க். தம்மைப் பற்றிய பழைய வம்பு விளம்பரமாக உதவியபோது அவரும் அதை ஓடவிட்டவர்தானே என்பது நீதிமன்றத்தின் எண்ணம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. அவர் மறுத்தபோதெல்லாம் கேட்க யாரும் இல்லை. 1966இல் பாரிஸிலேயே காலமானார்.

அடுத்த வாரம், பாவாடைக்குள் வளையக் கூடு அணிய மறுத்து, ரஷ்யப் பேரரசு நாடக அரங்குகளின் இயக்குநரையே 1901இல் பதவி விலக வைத்த நாட்டியக்காரி மத்தில்தா க்ஷெசின்ஸ்காவின் கதை.

(தொடரும்)