பழைய மெழுகா, புதிய கோட்டிங்கா? - கார் பெயிண்ட்டின் கதை

போன மாசம் ஒரு வழியா கார் வாங்கிட்டேன் மக்களே. ட்ரீட் கேக்குறவங்க வரிசையில வரவும், இ.எம்.ஐ கட்டி முடிச்சதும் தர்றேன் :-)

டெலிவரிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஷோரூம்ல ஒரு தம்பி லேமினேட் பண்ண அட்டை ஒண்ணை நீட்டினார். "சார், செராமிக் கோட்டிங். 9ஹெச் ஹார்ட்னஸ். அஞ்சு வருஷம் பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்காக 32,000." நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த அப்பா, "போட்டுடுங்க தம்பி, காசு நான் தர்றேன்"னுட்டார். ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்து! ஆட்டோவுக்குப் பத்து ரூபா கூடக் கேட்டா இறங்கி நடக்கிற மனுஷன்.

ஏன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

2009. நான் ஏழாப்பு. அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் சிவப்பு கார் வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமைன்னா வாளித்தண்ணி, பழைய பனியன் துணி, ஒரு டப்பா மெழுகு. நான் எடுபிடி. தேய்க்கிற துணி சிவப்பா மாறும், எனக்கு அது ஒரே குஷி. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ஒரு கடையில "டெஃப்லான் கோட்டிங்" போட்டார். மூணு வருஷ கேரண்டி கார்டு கொடுத்தாங்க. இனிமே மெழுகு தேவையில்லைன்னும் சொன்னாங்க. வாளியும் பனியனும் பரணுக்குப் போச்சு. ரெண்டாவது கோடையில பானெட்டும் கூரையும் வெளுத்து, ரோஸ் பவுடர் பூசின மாதிரி ஆயிடுச்சு. கார்டோட போனா கடையே இல்லை. அப்பா அதுக்கப்புறம் அந்தக் காரைத் துடைக்கவே இல்லை. அடுத்த வருஷம் வித்துட்டார்.

அதனால "ரெண்டு நாள் டைம் குடுங்க"ன்னு தம்பிகிட்ட சொல்லிட்டு வந்து, ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பெயிண்ட் வரலாறு படிச்சேன். பழசை நம்பணுமா, புதுசை நம்பணுமாங்கிற இதே கேள்வியில நூறு வருஷமா பெரிய பெரிய தலைகளே தடுமாறி இருக்காங்க. அந்தக் கதைதான் இது.

கறுப்பு ஏன்?

முதல்ல கார்களுக்குக் குதிரை வண்டி பெயிண்ட்தான். எண்ணெயும் வார்னிஷும். ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, தேய்ச்சு, மறுபடி பூசி... வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் ஒவ்வொரு வண்டியும் தூசி படாம கூரைக்குக் கீழ நிக்கணும். நாளைக்கு நாலு வண்டி செய்யுறவனுக்குப் பரவாயில்லை. 1913ல ஹைலேண்ட் பார்க்ல நகரும் அசெம்ப்ளி லைன் போட்ட ஹென்றி ஃபோர்டுக்கு? வண்டி செய்யுறதைவிட காயவைக்க இடம் தேடுறது பெரிய வேலை.

1908ல மாடல் டி வந்தப்போ சாம்பல், பச்சை, சிவப்புன்னு கலர் இருந்தது. 1914ல இருந்து 1925 வரைக்கும் கறுப்பு மட்டும்தான். ஃபோர்டு ஒரு முசுடு, அதான் கறுப்புன்னு நிறைய பேர் நினைக்கிறோம். கறுப்பு எனாமல் விலை கம்மி, நல்லா உழைக்கும். தார் மாதிரியான ஆஸ்பால்ட் கலந்த பூச்சு அது. இரும்புப் பாகங்களை அதுல முக்கி அடுப்புல சுட்டு எடுத்தா சீக்கிரம் காயும், துருவையும் தாங்கும். ஆஸ்பால்ட்டே கறுப்புங்கிறதால வேற கலர் கேட்டாலும் வராது. சோதிச்சுப் பார்த்த பழசுன்னா இதுதான். ஃபோர்டு அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

வெடிபஞ்சு கொடுத்த நீலம்

எதிர்ப்பக்கம் ஜெனரல் மோட்டார்ஸ். அங்கே சார்லஸ் கெட்டரிங்னு ஒரு எஞ்சினியர். 1912ல காடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர். பெயிண்ட் காயுற நேரத்தைக் குறைக்கணும்னு அவருக்கு ஒரே குடைச்சல்.

விடை டூபான்ட் கம்பெனியில இருந்து வந்தது. பஞ்சை அமிலத்துல நைட்ரோசெல்லுலோஸா மாத்துறது அவங்களுக்குக் கைவந்த கலை, முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செஞ்சவங்க. அதைக் கரைச்சு லேக்கர் ஆக்கலாம்னு முன்னாடியே தெரியும். ஆனா கரைசல் பாகு மாதிரி கெட்டியா இருக்கும். பூசுற அளவுக்கு நீர்க்க வச்சா நிறப்பொடி தங்காது. 1920ல தற்செயலா, நீர்த்தும் இருந்து நிறைய நிறப்பொடியையும் தாங்குற ஒரு கரைசல் கிடைச்சது. அதுதான் பின்னாடி "டூகோ" ஆச்சு.

கவனிக்க வேண்டிய இடம் இது. 1920ல கிடைச்சது, காருக்கு வந்தது 1923ல. நடுவுல ரெண்டு கம்பெனி ஆட்களும் அதோட மல்லுக்கட்டினாங்க. 1923 கடைசியில ஓக்லேண்ட் கார் "ட்ரூ ப்ளூ"ங்கிற பேர்ல நீலத்துல வந்து நின்னப்போ சனங்க அசந்துட்டாங்க. வாரக்கணக்குல ஆன வேலை இப்போ மணிக்கணக்குல முடிஞ்சது. கெட்டரிங் ஒரு பெயிண்ட்காரரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, அவர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள அவர் காரையே வேற கலராக்கி நிறுத்தினார்னு ஒரு கதை சொல்வாங்க. அளந்து விட்டதாவும் இருக்கலாம், ஆனா கதை நல்லா இருக்கு.

அப்புறம் என்ன? ஜெனரல் மோட்டார்ஸ் கலர் கலரா வித்தது. ஃபோர்டு 1926 மாடலுக்குக் கலரைத் திரும்பக் கொண்டுவந்தார். லேட். 1927ல மாடல் டியையே நிறுத்தினார். அதுக்கு வேற காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் கறுப்பு மேல போடக்கூடாது.

இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதை. டூபான்ட் கையில அப்போ ஜெனரல் மோட்டார்ஸோட ஏறக்குறைய 23 சதவீதப் பங்கு இருந்தது. பெயிண்ட் விக்கிறவனே வாங்குற கம்பெனியில பங்காளி! இது கோர்ட்டுக்குப் போய், 1957ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் டூபான்ட்டுக்கு எதிரா தீர்ப்பு சொன்னது. பெயிண்ட்டும் துணியும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வித்ததுதான் வழக்கோட மையம். இத்தனைக்கும் டூகோ நல்ல சரக்கு. நல்ல சரக்கா இருந்தாலும் விக்கிறவனுக்கு அதுல என்ன ஆதாயம்னு பார்க்கணும்னு இதுல இருந்து எடுத்துக்கிட்டேன்.

பனைமர மெழுகு

டூகோவுக்கும் குறை இருந்தது. ஸ்ப்ரே பண்ணினதும் மங்கலா இருக்கும், தேய்ச்சுத்தான் பளபளப்பு வரணும். வெயில்ல நின்னா மறுபடி மங்கும். டூபான்ட்டே நம்பர் 7னு ஒரு பாலிஷும் வித்தாங்க.

மெழுகு வியாபாரம் அதுக்கு முன்னாடியே இருந்தது. 1910ல ஆரம்பிச்ச சிமோனிஸ் பேரையே காருக்கு மெழுகு போடுறதுக்கான வினைச்சொல்லா அமெரிக்கர்கள் ஆக்கிட்டாங்க, நாம ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி.

மெழுகுகள்ல ராஜா கார்னாபா. வடகிழக்கு பிரேசில்ல வளர்ற ஒரு வகைப் பனை. வறட்சியில தண்ணி ஆவியாகாம இருக்க ஓலை மேல தானே மெழுகு பூசிக்கும். ஓலையை வெட்டி, காயவச்சு, தட்டி அந்த மெழுகை எடுக்கிறாங்க. 80 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும். தேன்மெழுகு 62-64லயே உருகிடும். 1935ல ஹெர்பர்ட் ஜான்சன்னு தரை மெழுகு கம்பெனி முதலாளி ஒருத்தர், இந்தப் பனை போதுமான அளவு இருக்கான்னு நேர்ல பார்க்க, தண்ணியிலயும் இறங்குற சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்துல அமெரிக்காவோட ரஸீன் நகரத்துல இருந்து பிரேசிலுக்கே பறந்தார். 1998ல அவர் மகன் சாம் ஜான்சன் தன் பசங்களோட, அதே மாதிரி ஒரு விமானத்தைச் செய்யச் சொல்லி, அதே வழியில போய் வந்தார். அப்பா போன வழி!

மெழுகு சில வாரம், மிஞ்சினா சில மாசம் நிக்கும். போச்சுன்னா போச்சு, மறுபடி போடலாம். பெயிண்ட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை.

உரிஞ்ச தோல்

இப்போ சோகக் கட்டம். 1960கள்ல ஃபோர்டு கம்பெனியில ஜார்ஜ் ப்ரூவர் குழு, காரோட உடம்பை பெயிண்ட் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் பூச்சு ஒட்ட வைக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. ஈ-கோட்னு பேர். துருவுக்கு எமன். பின்னாடி எபாக்ஸி வச்சு இன்னும் மேம்படுத்தினாங்க. 1980கள்ல கலருக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் பூசுறது பரவுச்சு. ரெண்டுமே நல்ல விஷயம். இன்னைக்கு உங்க கார்லயும் இருக்கு.

ஈ-கோட்டுக்கும் கலருக்கும் நடுவுல ப்ரைமர் சர்ஃபேசர்னு ஒரு அடுக்கு உண்டு. 80களோட பிற்பகுதியில அமெரிக்கக் கம்பெனிகள் சில மாடல்கள்ல அந்த அடுக்கைத் தூக்கிட்டாங்க. ஈ-கோட்தான் பிரமாதமா இருக்கே, நடுவுல இது எதுக்குன்னு. செலவு மிச்சம், நேரம் மிச்சம்.

எபாக்ஸிக்குப் புற ஊதாக்கதிர் ஆகாது. கிளியர் கோட்டையும் மெல்லிசான கலரையும் தாண்டி வெயில் உள்ளே இறங்கி ஈ-கோட்டோட மேற்பரப்பை அரிச்சது. பிடிமானம் போனதும் மேல இருந்ததெல்லாம் உரிஞ்சது. பானெட், கூரை, டிக்கின்னு வானத்தைப் பார்த்த இடங்கள்ல பாளம் பாளமா. வாங்கின அன்னைக்கு ஜம்முனு இருந்த வண்டி, சில வருஷம் வெயில்ல நின்னப்புறம்தான் உரிஞ்சுது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ரெண்டும் மாட்டினாங்க, வழக்கெல்லாம் நடந்தது.

நம்ம பாஷையில சொன்னா, "இந்த ஃபங்ஷன் எதுக்குன்னே தெரியலை, டெலிட் பண்ணிடு"ன்னு பண்ணி, ப்ரொடக்‌ஷன்ல ரெண்டு வருஷம் கழிச்சு வெடிச்ச கேஸ். அந்தத் தப்பை நானும் பண்ணியிருக்கேன். எனக்குப் போனது ஒரு சனி ஞாயிறு. அவங்க வாடிக்கையாளருக்குப் போனது கார்.

பெயிண்ட் கம்பெனிகள் ஃப்ளோரிடாவோட தென்பகுதியில தகடுகளை வெயில்லயும் ஈரத்துலயும் வருஷக்கணக்குல காயப்போட்டு வைக்கிறது இதனாலதான். லேப்ல வேகமா வயசாக்குற மெஷின் இருக்கு. இருந்தாலும் நிஜ வெயிலுக்கு ஈடு நிஜ வெயில்தான்.

டெஃப்லான், செராமிக்

அப்பாவோட டெஃப்லானுக்கு வருவோம். 1938ல ராய் ப்ளங்கெட் டூபான்ட்ல கண்டுபிடிச்சது. எதுவும் ஒட்டாதுங்கிறதுதான் அதோட பெருமை. எதுவும் ஒட்டாத பொருள் கார்ல மட்டும் எப்படி ஒட்டும்? தோசைக்கல்லுல அதை 327 டிகிரிங்கிற உருகுநிலையைத் தாண்டிச் சூடாக்கி ஒட்ட வைக்கிறாங்க. காரை அப்படிச் சூடாக்கினா காரே இருக்காது. அந்தப் பேரை ஒட்டி வித்தது ஏதோ ஒரு மெழுகு அவ்வளவுதான். இன்னொண்ணு, துணி சிவப்பாச்சே, அதுக்கு அர்த்தம் அந்தக் காருக்குக் கிளியர் கோட்டே இல்லைன்னு. நிறம் நேரா வெயில்ல நின்னுருக்கு. வாராவாரம் போட்ட மெழுகுதான் அதைக் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கு. "இனிமே மெழுகு வேண்டாம்"னு சொன்னதுதான் அந்தக் கடைக்காரன் செஞ்ச நிஜமான கேடு.

செராமிக் அப்படி ஏமாத்து இல்லை, அதைச் சொல்லிடணும். சிலிக்கா சார்ந்த ரசாயனம், பெயிண்ட் மேல நிஜமாவே பிடிச்சுக்கும், மெழுகைவிட ரொம்ப நாள் நிக்கும், தண்ணி முத்து முத்தா ஓடும். ஆனா தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான். கீழே இருக்கிற கிளியர் கோட்டே 40-50 மைக்ரான். 9ஹெச்ங்கிறது பென்சில் அளவுகோல், வைரத்துக்கெல்லாம் சொல்ற மோஸ் அளவுகோல் இல்லை. மணல் கீறினா கீறல் விழும், கல் அடிச்சா பெயிண்ட் பெயரும். போடுறதுக்கு முன்னாடி பெயிண்ட்டைச் சுத்தமா தயார் பண்ணலைன்னா, இருக்கிற கோடுகளுக்கு மேலயே பூசி மூடிடும். பிடிக்கலைன்னா தேய்ச்சு எடுக்கணும், அதுல கிளியர் கோட்டும் கொஞ்சம் போகும்.

என்ன முடிவு?

பழசு நல்லது, புதுசு கெட்டதுன்னு வரலாறு சொல்லலை. டூகோவை மூணு வருஷம் சோதிச்சாங்க, புதுசு ஜெயிச்சது. கறுப்பைப் பிடிச்சுத் தொங்கின ஃபோர்டு வழுக்கினார். உரிஞ்ச பெயிண்ட்ல தோத்தது, புதுசை நம்பிப் பழைய அடுக்கு ஒண்ணைத் தூக்கினதுதான். அதனால நான் கேட்ட கேள்வி ரெண்டு. இது தோத்துப் போனா எனக்கு என்ன நஷ்டம்? இதை நம்பி நான் எதைச் செய்யாம விடப்போறேன்?

ஷோரூம் தம்பிகிட்ட எவ்வளவு நேரத்துல போடுவீங்கன்னு கேட்டேன். "மத்தியானம் விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம் சார்." பெயிண்ட்டைத் தயார் பண்ணி, போட்டு, ஊறவிட அந்த நேரம் எப்படிப் போதும்? வேணாம்னுட்டேன். பிற்பாடு நல்ல ஆளா பார்த்துப் போட்டுக்கலாம், கார் எங்கேயும் ஓடிடாது.

அப்பாவுக்கு வருத்தம். "உன் வண்டியும் அப்படி வெளுத்துடக் கூடாதுடா"ன்னார். அவர்கிட்ட ஈ-கோட், எபாக்ஸி எல்லாம் விளக்கினேன், பாதியில பேப்பரை எடுத்துட்டார். கடைசியில, "அன்னைக்கு நீங்க போட்ட மெழுகு வேலை செஞ்சுதுப்பா. அதை நிறுத்தச் சொன்னவன்தான் தப்பு"ன்னு மட்டும் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தி ஒரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லலை.

போன ஞாயித்துக்கிழமை 650 ரூபாய்க்கு கார்னாபா மெழுகு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன். நிழல்ல நிறுத்தி ஆரம்பிச்சேன். பத்து நிமிஷத்துல அப்பா கீழே வந்து, "இப்படியா தேய்ப்பாங்க? கொடு இங்கே"ன்னு துணியைப் பிடுங்கிட்டார். நான் மறுபடி எடுபிடி. முடிச்சதும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அழுக்குதான் இருந்தது, கலர் இல்லை. "கிளியர் கோட்டுப்பா"ன்னேன். "தெரியும், தெரியும்"னார்.

டிஸ்கி: செராமிக் போட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆனவங்க பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லுங்க. போட்ட மறுநாள் எடுத்த போட்டோ வேண்டாம், அது யாருக்கும் நல்லாத்தான் இருக்கும் :-)